எங்கள் குடியில் இந்த நோய் இல்லை

நான் சாக நினைத்தேன் என்று தெரியவந்தபோது வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஆறுதல் சொல்ல வரவில்லை. விசாரிக்க வந்தார்கள். களவு போன வீட்டுக்கு ஆட்கள் வருவார்களே, எந்த வழியால் வந்தான், யார் கதவைத் திறந்து விட்டது என்று பார்க்க, அப்படி வந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதமாட்டேன். ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் மேசன். படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், நான் கட்டிய வீடுகள் நிறைய நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் தகப்பன் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் அப்படிப் போனவன்தான். கிழக்குக் கரையில் பெரியகல்லாற்றில் பிறந்து, வாவியைக் கடந்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். ஊரில் உள்ள மகள்மாருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தேன். என் மகளுக்குக் கட்டும் வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. இதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். இது காரணம் இல்லை.

காரணம் என்று ஒன்று என்னிடம் இருக்கவில்லை. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. மாரி தொடங்கிய காலத்தில் நித்திரை போனது. பிறகு சாப்பாட்டில் ருசி போனது. பிறகு கதைக்கும் விருப்பம் போனது. கலவையில் தண்ணீர் காணாது என்று கூட நிற்கிறவனுக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. பேசாமல் அதே கலவையைப் பூசினேன், அது காய்ந்து உதிர்ந்தது. வீட்டுக்காரர் ஏசினார். ஏச்சும் உறைக்கவில்லை. முன்பென்றால் கரண்டியை எறிந்துவிட்டு இறங்கியிருப்பேன். கோபம் என்னை விட்டுப் போனபோதுதான் ஏதோ பிழை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அதன் பிறகு அந்த எண்ணம் வரத் தொடங்கியது. இனிப் போதும், இருக்கத் தேவையில்லை என்று. சினிமாவில் வருவது போல அழுகையோடும் ஆவேசத்தோடும் வரவில்லை. பஸ்ஸில் இருக்கும்போது வந்தது. சோறு தின்னும்போது வந்தது. ஒரு நாளில் எத்தனை தரம் என்று சொல்லத் தெரியாது. அவ்வளவு சாதாரணமாக வருகிறதே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயம் மிஞ்சியிருந்தது என் அதிர்ஷ்டம். அந்தப் பயத்தில்தான் மனைவியிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குசினிக்குப் பின்னால் இருந்து அவள் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்று, சுற்றிவளைக்கத் தெரியாதவன், நேரே சொன்னேன்.

"எனக்குச் சாக வேணும் போல வருது. ஒவ்வொரு நாளும் வருது. என்ன செய்யிறதெண்டு தெரியல்ல."

கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள்ளே பார்த்தாள்.

"மெல்லக் கதையுங்க. புள்ளைக்குக் கேக்கப்போகுது."

இதுதான் நான் கேட்ட முதல் ஆறுதல். கையைக் கழுவினாள், உள்ளே போனாள், அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

அவள் பயந்துவிட்டாள் என்று இப்போது விளங்குகிறது. ஆனால் அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான். நான் சொன்னது கூடாத வார்த்தை, அது சுவருக்கு வெளியே போகக்கூடாது.

அவளுடைய அண்ணன் எங்கள் ஊர்க் கோயிலில் வண்ணக்கர். ஒரு குடியின் சார்பாகக் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவரை வண்ணக்கர் என்போம். ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும்தான். குடி என்பது எங்களுக்குத் தாய்வழியில் வரும் குலம். பிள்ளைகள் தாயின் குடி. அந்த வீட்டில் நான் எத்தனை வருடம் சோறு தின்றாலும் நான் வேறு குடி, என் மனைவியும் மகளும் வேறு குடி. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு. கலியாணம் பேசினால் முதல் கேள்வியே என்ன குடி என்பதுதான். இதெல்லாம் எனக்குச் சரியென்றே இருந்தது. என் வருத்தத்தையும் இந்தக் கணக்கில் போடுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் பக்கம் நோயை வருத்தம் என்றுதான் சொல்வோம்.

வண்ணக்கர் அன்று பின்னேரமே வந்தார். அடுத்த நாள் என் பக்கத்து ஆட்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அம்மா செத்துப் பல வருடம். ஆகவே அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பெரியகல்லாற்றிலிருந்து வந்தார். வாயால் ஊரை அடக்கி வைத்திருப்பவர். வந்ததும் வராததுமாக என் தலையைத் தடவிவிட்டுக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தார்கள். பிஸ்கட் வைத்தார்கள். நானும் ஒரு மூலையில் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடமாவது பாடத் தெரியுமா சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். சாராயம் பாவிக்கிறதா. கடன் இருக்கிறதா. வேறு எங்காவது தொடர்பா. எல்லாவற்றுக்கும் மனைவி இல்லை என்றாள். ஒவ்வொரு இல்லைக்கும் வண்ணக்கரின் முகம் இருண்டது. ஒரு கூத்தியாள் இருந்திருந்தால் மனிதனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் பிஸ்கட் துகளைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கட குடியில இந்த வருத்தம் இல்ல."

சின்னம்மா விடவில்லை. "எங்கட குடியிலயும் இல்ல. நாங்க நல்ல புள்ளையத்தான் தந்த. இஞ்ச வந்து என்ன நடந்ததெண்டு நீங்கதான் சொல்லணும்."

"அப்ப உங்கட தமையன் எப்படிப் போன?"

கேட்டவர் வண்ணக்கர். சின்னம்மாவின் தமையன் என்றால் என் தாய்மாமன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் செத்தவர். எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தவர், பட்டம் கட்டித் தந்தவர். அவரைப் பற்றிக் கதைப்பதை எங்கள் வீட்டில் ஒரு நாளில் நிறுத்தினார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அது நெஞ்சு வருத்தம்," என்றார் சின்னம்மா. "ஊருக்கே தெரியும்."

"ஓம். ஊருக்குத் தெரியும்," என்றார் வண்ணக்கர்.

இத்தனை வருடமாக வாவியின் இந்தக் கரையில் இருந்துகொண்டு அந்தச் சாவை எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள், தேவைப்படும் நாளுக்கு. நாங்களோ அந்த மனிதனுடைய படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை. அவருக்கும் இப்படித்தான் பஸ்ஸிலும் சோற்றிலும் அந்த எண்ணம் வந்ததா, யாரிடமாவது சொன்னாரா, சொன்னபோது மெல்லக் கதைக்கச் சொன்னார்களா என்று எனக்கு முதல் தரமாக யோசனை வந்தது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. சின்னம்மா நெஞ்சு வருத்தத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பேச்சு அதோடு முடிந்தது. என் வருத்தம் என் குடிக்கு எழுதப்பட்டது. வண்ணக்கரின் முகம் தெளிந்தது. ஏன் என்று பிறகுதான் பிடிபட்டது. கிரானிலிருந்து என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்துகொண்டிருந்தது. நல்ல இடம். வயல் உள்ள ஆட்கள். மகள் தாயின் குடி. தகப்பனின் வருத்தம் தகப்பனின் குடியோடு நின்றுவிட்டால் அவளுக்குப் பழுதில்லை. அதற்கு நான் கொஞ்சக் காலம் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அக்கரையில் என் தங்கச்சி வீட்டில் போய் நிற்கட்டும், இட மாற்றம் நல்லது என்றார். சின்னம்மா தலையாட்டினார். விற்ற சாமான் பழுது என்று கொண்டுவந்தால் கடைக்காரன் பேசாமல் திருப்பி எடுப்பானே, அப்படி எடுத்தார்.

போவதற்கு முன் பூசாரியைக் கூப்பிட்டுக் கழிப்புக் கழித்தார்கள். தேசிக்காய் வெட்டி, என்னில் பிடித்தது எதுவோ அதைத் துரத்தி, கையில் நூல் கட்டினார். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தின்னக்கூடாது என்றார். நூல் கையில் இருந்தது. எண்ணம் தலையில் இருந்தது. ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்யவில்லை.

என்னைக் கூட்டிப்போகத் தங்கச்சியின் புருஷன் மோட்டார் சைக்கிளில் வந்தார். எனக்கு மச்சான். வாவியில் வலை வைப்பவர். வாய் சும்மா இருக்காது. செத்தவீட்டிலும் பகிடி விடுகிற ஆள். அவர் பிறப்பால் என் மனைவியின் குடி, வண்ணக்கருக்குத் தம்பி முறை. இரண்டு குடிக்கும் கொண்டு கொடுக்கும் வழக்கம் அப்படி.

வாவியைக் கடக்கப் பாதையில் ஏறினோம். வண்டி வாகனம் எல்லாம் ஏற்றிப் போகும் பெரிய மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். நெல் மூடை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழிக்கூட்டோடு ஒரு மனிசி. எஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது.

"சீதனம் குறைஞ்சா மாப்பிள்ளை கோவிச்சுக்கொண்டு போறதெண்டு கேள்விப்பட்டிருக்கன்," என்றார் மச்சான். "இத்தனை வருசம் பாவிச்சுப்போட்டு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புற இப்பத்தான் பாக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, குரலைக் குறைக்காமல் கேட்டார்.

"மச்சான், சாகிற எண்ணம் இப்பவும் இருக்கா?"

கோழிக்கூட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் பொருட்படுத்தவில்லை.

"இருக்கு," என்றேன்.

"இண்டைக்கு ஏதும் செய்துபோடுவன் எண்டு நினைக்கிறீங்களா?"

"இண்டைக்கில்ல."

"சரி. நாளைக்குக் கிளினிக். போவம்."

அவ்வளவுதான். இத்தனை பேர் வந்து இருந்து தேத்தண்ணி குடித்துப் போன வீட்டில் ஒருவர் வாயிலும் வராத கேள்வி. கேட்டதும் வானம் இடிந்து விழவில்லை. எனக்கு இறங்கிப் போய் ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. பல வாரத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் ஆசை அது. குடித்தோம்.

அந்தக் கடையில் வைத்துத்தான் அவர் தன் கதையைச் சொன்னார். பல வருடமாக அவரும் அதே மனநோய்க் கிளினிக்கில் மருந்துக் குளிசை எடுக்கிறார். தங்கச்சிக்கு மட்டும் தெரியும். பிறஷருக்கு என்றுதான் மற்ற எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். உப்புக் குறைச்சுச் சாப்பிடுங்க என்று கலியாண வீடுகளில் நான் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அவரும் ஓம் ஓம் என்று சொல்லி உப்பில்லாத கறியைத் தின்றிருக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் இருந்து எத்தனை பந்தியில் சாப்பிட்டிருப்போம். நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன். ஏன் இதை முதலே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க எந்தக் குடியெண்டு பாத்துத்தான் சொல்லயில்ல," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பயம் மச்சான்," என்றார்.

கிளினிக்கைப் பற்றி ஒன்றும் அழகாகச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியின் ஒரு பக்கத்தில் நீளமான பெஞ்சுகள். ஊரில் சந்தித்தால் கட்டிப்பிடித்துக் கதைக்கிறவர்கள் அங்கே ஒருவரை ஒருவர் காணாதது போல இருப்பார்கள். பெண்கள் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருப்பார்கள். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் எத்தனை குடி இருந்தது என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். எல்லாக் குடியும் இருந்தது.

டொக்டர் சின்ன வயதுப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். நான் ஒரு பேச்சுக்கும் இடம் கொடுக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போய் இருந்தேன். அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். எப்போது தொடங்கியது, எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். காரணம் கேட்கவில்லை. காரணம் இல்லை என்று நானாகச் சொன்னபோது, காரணம் இல்லாமலும் இந்த நோய் வரும் என்றாள். நான் பொய் சொல்லவில்லை என்று ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்றும் கேட்டாள்.

"என்ட மாமாவுக்கு," என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடியும் எடுக்கவில்லை. வண்ணக்கரும் இதைத்தான் கேட்டார். அவர் கேட்டது என்னைத் தள்ளி வைப்பதற்கு. இவள் கேட்டது மருந்து எழுதுவதற்கு. ஒரே கேள்விதான்.

குளிசை வேலை செய்ய வாரக்கணக்கில் எடுக்கும், அதற்கிடையில் நிறுத்தக்கூடாது என்றாள். எண்ணம் கடுமையாக வந்தால் தனியாக இருக்காமல் யாரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டும், ஒருவரும் இல்லையென்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கம் தந்தாள். வீட்டில் என்ன கவனிக்க வேண்டும் என்று மச்சானிடம் தனியாகச் சொன்னாள். அடுத்த முறை மனைவியைக் கூட்டி வாருங்கள் என்றாள். அவ வரமாட்டா என்றேன்.

தங்கச்சி வீட்டில் சில வாரம் நின்றேன். சும்மா இருந்தால் விசர் கூடும், பைத்தியம் முற்றும் என்று மச்சான் என்னைப் பின்வளவில் இருத்திக் கிழிந்த வலை பொத்தவிட்டார். மேசன் பொத்திய வலையில் மீன் வராது, மாடுதான் வரும் என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். முதலில் நித்திரை வந்தது. பிறகு ஒரு நாள் கறியில் புளி கூடிவிட்டது என்று தங்கச்சியோடு சண்டை பிடித்தேன். அவள் ஏச்சு வாங்கிக்கொண்டு அழுதாள், சந்தோசத்தில். எண்ணம் நிற்கவில்லை. ஆனால் வரும்போது எனக்கு அது வருவது தெரிந்தது. ஒரு நாள் அந்த இலக்கத்துக்கும் எடுத்தேன். மறுபக்கத்தில் இருந்த பிள்ளை புத்தி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அதையும் கேட்டாள்.

சின்னம்மா ஒரு தரம் வந்து பார்த்தார். கிளினிக்குக்குப் போகிறேன் என்றதும், "குடிட மானத்தைப் பெஞ்சில கொண்டுபோய் வைச்சுக் காட்டுறியா மனே," என்றார். மாமாவைப் பற்றிக் கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் வண்ணக்கர் வரச் சொல்லி அனுப்பினார். மச்சானோடு போனேன். என் மனைவியின் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் இருந்தோம். விசயம் இதுதான். கிரான் ஆட்கள் அடுத்த மாதம் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளையின் சிறியதாய் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். என்னை அந்தப் பெஞ்சில் கண்டால் முடிந்தது கதை. ஆகவே கலியாணம் ஒப்பேறும் வரைக்கும் நான் கிளினிக்குக்குப் போகக்கூடாது. குளிசையையும் விட்டுவிட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறீங்க என்றார்.

நன்றாக இருப்பது குளிசையால் என்றேன். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறலாமா என்று கேட்கிறேன் என்றேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே நம்மட ஊராள் ஒருத்தன் நிப்பான் என்றார். அது உண்மைதான்.

"ஒரு தகப்பன் புள்ளைக்காக இதைச் செய்ய ஏலாதா? எங்கட குடியில இப்படி ஒரு வருத்தம் இருந்ததே இல்ல. அவளுக்கு ஏன் இந்தப் பேரைச் சுமத்துறீங்க?"

எனக்கு முன்னால் மச்சான் இருந்தார். வண்ணக்கரின் குடியில் பிறந்த ஆள். அவருடைய சட்டைப் பையில் குளிசை இருந்ததும் எனக்குத் தெரியும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு சொல் சொன்னால் வண்ணக்கரின் வாய் அடங்கியிருக்கும். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவீட்டிலும் வாய் ஓயாத மனிதன். அவர் சொல்ல வேண்டிய சொல் அது, நான் எடுத்துச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. பாதையில் கோழிக்கூட்டுக்காரிக்கு முன்னால் என்னிடம் கேட்கத் தெரிந்தவருக்கு இங்கே வாய் வரவில்லையே என்று எனக்கு இன்றும் கோபம். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். சரிதான் மச்சான் என்பார்.

வண்ணக்கரிடம் நான் கேட்டேன். "குளிசையை விட்டு நான் செத்தா?"

அவர் யோசித்தார். கோபத்தில் சொன்ன வார்த்தை என்றால் மன்னித்திருப்பேன். யோசித்துத்தான் சொன்னார்.

"செத்தவீடெண்டா ஒரு வருசம் பிந்தும். மறுகா கலியாணத்தை வைக்கலாம். விசரெண்டு பேர் எடுபட்டா அது எந்த வருசத்தோடயும் போகாது."

கணக்குப் பிழையில்லை. எங்கள் ஊரின் கணக்கு அதுதான். நான் நூறு வீடு கட்டிய ஊர். அந்த நேரத்தில் எண்ணம் வந்தது. வேறெங்கிருந்தோ வரவில்லை, அந்தக் கதிரையில் அவருடைய குரலில் வந்தது. அவர் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. எல்லாருக்கும் அது லேசு என்று தோன்றியது. இந்த நோயின் வேலையே அதுதான் என்று இன்று தெரியும். அன்று அதற்கு ஊராள் ஒருவர் வந்து தாளம் போட்டார்.

மனைவி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. தட்டை வைப்பாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. திரும்பி உள்ளே கொண்டு போனாள். ஊற்றிய தேத்தண்ணியைத் திருப்பிக் கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். வெறுங்கையோடு வந்தாள்.

"எழும்புங்க அண்ணன்."

"என்ன?"

"எழும்புங்க. இது என்ட வீடு. அப்பா எனக்குத் தந்த வீடு. இதுக்குள்ள இருந்து அந்தக் கதை கதைக்க வேணாம்."

"உன்ட புள்ளைக்காகத்தான் புள்ள சொல்றன்."

"ஒரு வருசம் வெள்ளை உடுத்துக்கொண்டு இருக்கப்போறது நீங்களில்ல. எழும்புங்க."

வண்ணக்கர் என்னைப் பார்த்தார். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையைப் பார்ப்பது போல, மனிசியை அடக்கு என்பது போல. நான் என்ன செய்ய? அது என் வீடில்லை. இத்தனை வருடமாக அந்த நினைப்பு எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அன்றைக்கு அந்த வீடு அவளுடையதாக இருந்ததால்தான் அவரை வெளியே அனுப்ப முடிந்தது. என் வீடாக இருந்திருந்தால் நான் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. கோயிலில் கண்டால் அவளோடு கதைப்பதில்லை. அவளுக்கு அது பெரிய இழப்பு. ஒற்றை அண்ணன், தூக்கி வளர்த்தவர். அதை நான் அவளுக்குக் கொடுத்தேன் என்று சில நாள் தோன்றும். அதையும் டொக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன். அன்று பின்னேரம் மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பா, அண்டைக்கே எனக்குக் கேட்டது. நீங்க அம்மாட்டச் சொன்ன நேரம்," என்றாள். மெல்லக் கதைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. அத்தனை வாரமும் அந்தப் பிள்ளை தனியாக அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், யாரிடமும் கேட்காமல். எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கம் இல்லையே.

கிரான் ஆட்கள் வந்த அன்று மனைவியே அவர்களிடம் சொல்லிவிட்டாள். இவருக்கு மன வருத்தம், கிளினிக் மருந்து எடுக்கிறார், பிறகு கேள்விப்பட்டோம் என்று சொல்ல வேண்டாம் என்றாள். பலகாரம் தின்றார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். நல்லாய் யோசிக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அவள் வந்தாள். முந்தானையால் முகத்தை மூடவில்லை, ஆனால் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் சுவரோடு நின்றாள். டொக்டர் அவளிடம் ஒரு விசயம்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கேளுங்கள். சாகிற எண்ணம் வந்ததா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் வராது. கேட்காமல் விட்டால் அவர் அதோடு தனியாக இருப்பார். மனைவி தலையாட்டினாள். வெளியே வந்ததும், அதை எப்படி வாயால கேக்கிற என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

இப்போது கேட்கிறாள். அழகாகக் கேட்பதில்லை. வீட்டுக்கு வரும் பிடிக்காத ஆள் ஒருவரைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்பாள். போன கிழமையும் நான் வேலையால் வந்து வேலைச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இண்டைக்கு வந்ததா?"

"வந்தது."

"கனநேரமா?"

"சாப்பாட்டு நேரம். கொஞ்ச நேரம்."

"யாரிட்டயும் சொன்னீங்களா?"

"மச்சானுக்கு எடுத்தன்."

"எனக்கு எடுத்திருக்கலாம்தானே," என்றாள். கோபித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். சட்டி பானையைப் போட்டு உடைக்கும் சத்தம் கேட்டது. நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன், அவளோடு சண்டை பிடிக்க.